சுவடி காக்கும் தொழிலும் அதன் தராதரமும்

தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே, இருப்புப்பாதையோரத்தில் அமைந்தது வட்டகொடை. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் பாடுபட்டோர் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தது அரிது. அஃது அவர்தம் பெயர் பதிந்த செக்ரோலிலும், பிறப்பு இறப்புப் பதிவுகளிலும் தங்கியுள்ளது.

அவ்வேடுகளின் பெறுமதியை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் உணர்த்திற்று. இலங்கையிற் பிறந்தவனும் தன் தந்தை ஈண்டுப் பிறந்தமையை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்தமையை நாட்ட வேண்டியவனாயினான். 1949 ஆம் ஆண்டுச் சட்டமோ, 1946 சனவரி 1 ஆம் நாளுக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடைவிடாது வதிந்தமைக்குச் சான்று கோரிற்று. ஓர் ஏடு செல்லரித்தால் ஒரு குடும்பத்தின் உரிமையே ஐயத்துக்குள்ளாகும் நிலை அதனால் எழுந்தது.

ஆயின், ஏடு காப்பதற்கு ஆர்வம் மாத்திரம் போதுமோ? தேடுதற்கு எளிதென்று கருதித் தோட்டத்துத் தாள்களைக் கலைத்து அகரவரிசையில் அடுக்குவோன், அவை எவ்வலுவலகத்தில் எக்காரணம் பற்றி எழுந்தன என்னும் தொடர்பை அறுத்துவிடுகின்றான். சான்றுவலுவும் உடன் குன்றுகின்றது. தோற்றுவாயைப் பேணலும் மூல ஒழுங்கைப் பேணலும் இத்தொழிலின் தலையாய விதிகளாதல் இதுபற்றியே.

இவ்வறிவை அளந்து தராதரம் வழங்கும் முறைகள் உள. ஐக்கிய அமெரிக்காவில் 1989 இல் நிறுவப்பெற்ற சான்றுபெற்ற சுவடிகாப்பாளர் கழகம் பரீட்சை நடத்துகின்றது. தேர்ந்தெடுத்தல், ஒழுங்குபடுத்தி விவரித்தல், வாசகர்க்கு உதவல், அழியாது காத்தல், பொதுமக்களுக்கு எடுத்துரைத்தல், நிருவாகம், ஒழுக்கமும் சட்டமும் என்னும் 7 துறைகளை அது தழுவும். பெற்ற தராதரத்தை 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தல் வேண்டும். புதுதில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகமும் இத்துறையிற் பட்டதாரிகளுக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளது. நம் நாட்டில் அரச ஏடுகளைக் காத்தற்கு 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் இடந்தருகின்றது.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின; 1992 இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகள்பாற் சென்றது. ஆட்சி கைமாறுங் காலம் பழைய தாள்கள் சிதறுதற்கு ஏதுவான காலமாகும். நாடற்றோர் குறையை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் தீர்க்க முற்பட்டதாயினும், உழைத்தோர் வரலாற்றுக்கு அவ்வேடுகளே சாட்சி. அவற்றிலுள்ள தமிழ்ப் பெயர்களையும் தோட்டத்து வழக்குகளையும் பிழையற உணரவல்ல மலையக மாணவர் இத்தராதரத்தை நாடிக் கற்பாராக.