எத்தனை வண்டி, எத்தனை சிநேகம்

நகரத்தில் வாழ்கிறவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவரையே கேட்க வேண்டியதுதான். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஹாட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-இல் ஓர் ஏணியைக் கற்பனை செய்யச் சொன்னார். அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? உலக மகிழ்ச்சி அறிக்கை இன்றும் இந்த ஏணியைத்தான் நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு போகிறது. 2020-இல் நகரங்களையும் அதில் ஏற்றிப் பார்த்தார்கள். பின்லாந்தின் ஹெல்சின்கிக்கு முதலிடம்.

ஏணிக் கேள்விக்கு யாரும் நேற்று சாயங்காலத்தை நினைத்துப் பதில் சொல்வதில்லை. சம்பளம், சொந்த வீடு, பிள்ளைகள் படிப்பு என்று மொத்தக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். நேற்றைய பொழுதைத் துண்டு துண்டாக விசாரித்தால் வேறு சித்திரம் கிடைக்கும். உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் அப்படி விசாரித்து 2004-இல் எழுதினார்கள். நண்பர்களோடு கழித்த நேரம் பட்டியலின் மேல் பக்கம் இருந்தது. வேலைக்குப் போய்வரும் பயணம் கிட்டத்தட்ட அடியில். வீட்டு வேலைகூட அதைவிடத் தேவலாம் என்றிருக்கிறார்கள்.

தூரத்தில் பெரிய வீடு வாங்கினால் பயண அலுப்புக்கு அது ஈடாகிவிடும் என்பது பலருடைய கணக்கு. ஸ்டுட்ஸர், ஃப்ரை என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் பல ஆண்டுத் தரவுகளைப் பார்த்தார்கள், ஈடாகவில்லை. பயணம் நீள நீள, வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டே போனது. எனக்குத் தோன்றும் காரணம் இது: கூடுதல் அறை ஆறு மாதத்தில் பழகிவிடும். நெரிசல் தினம் ஒரு தினுசாகப் படுத்துவதால் பழகுவதே இல்லை.

நெரிசல் பயணத்தில் மட்டுமல்ல, வீட்டு வாசலிலும் தன் வேலையைக் காட்டுகிறது.

1960-களின் கடைசியில் டொனால்டு ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்புப் பேராசிரியர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று குடியிருப்புத் தெருக்களை எடுத்துக்கொண்டார். வித்தியாசம் போக்குவரத்தில். ஒரு தெருவில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. இந்தத் தெருவில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள் என்று கேட்டார். வண்டி குறைந்த தெருவில் சராசரி 3.0. மிகுந்த தெருவில் 0.9, அதாவது ஒருவர்கூட முழுதாக இல்லை. முகம் தெரிந்தவர்கள் எண்ணிக்கையும் 6.3-லிருந்து 3.1-ஆக, பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு, 'உங்கள் இடம்' எதுவரை என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னார். முதல் தெருக்காரர்கள் தெருவையே வளைத்துக்கொண்டார்கள். மூன்றாவது தெருக்காரர்களின் கோடு அவரவர் கட்டடத்தைத் தாண்டவில்லை.

இது எப்படி நடக்கிறது? சிநேகம் யாரும் திட்டம் போட்டு ஆரம்பிப்பதல்ல. வாசலில் நிற்கும்போது, குழந்தை பின்னால் ஓடும்போது, கறிவேப்பிலை வாங்கும்போது இரண்டு வார்த்தையில் தொடங்குகிறது. இரைச்சல் கூடினால் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறோம். பிள்ளையை வெளியே விடுவதில்லை. பிள்ளைகள் சேராததால் பெற்றவர்களும் சேர்வதில்லை. எதிர்வீட்டுக்குப் போகத் தெருவைக் கடப்பதே சாகசமானால், எதிர்வீடு வேற்றூர் மாதிரிதான்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. மூன்றாவது தெருவில் வாடகைக்காரர்களும் தனி ஆட்களும் அதிகம், குழந்தையுள்ள குடும்பங்கள் குறைவு. நட்பு குறைந்தது வண்டியாலா, ஆட்களாலா? இரண்டையும் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது என்பேன். வண்டிகளுக்குப் பயந்து குடும்பங்கள் கிளம்புகின்றன. அந்த வீட்டுக்கு வருகிறவர் சீக்கிரம் காலி செய்யும் எண்ணத்தோடு வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை அவர் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? 2008-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இதே சோதனையைச் செய்தபோதும் இதே சரிவுதான் தெரிந்தது.

சென்னையில் பாண்டி பஜார் நடைபாதையை 2019-இல் அகலமாக்கினார்கள். ஒன்றும் வாங்காமலே உட்கார்ந்து பேச இடம் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் அது கடைத்தெரு, போய்விட்டுத் திரும்பி வரும் இடம். தினமும் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கும் வீட்டுத்தெருவைப் பற்றி யாரும் பேசக் காணோம். வீடு பார்க்கப் போகிறவர்களும் தண்ணீர், லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் கேட்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் எவ்வளவு வண்டி ஓடும் என்று கேட்பதில்லை. கேட்டால் புரோக்கருக்கு உற்சாகம் வந்துவிடும். "மெயின் ரோட்டு மேலேயே சார்" என்று அதற்கும் சேர்த்து விலை சொல்வார்.