வகுப்பறை அரங்கு – 6: எல்லைக்கல்லில் வைத்த காசு

பள்ளியில் நாடகம் கற்பிக்க என்னென்ன வேண்டும் என்ற கேள்விக்கு நல்ல பிரதி, விசாலமான இடம், உடை, ஒப்பனை, ஒத்திகைக்கான நேரம் என்ற பட்டியலே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. இந்தப் பட்டியல் ஆண்டுவிழா மேடைக்குப் பொருந்துமே தவிர, நாற்பது மாணவர்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் வகுப்பறைக்குப் பொருந்தாது. உரத்துப் பேசத் தெரிந்த எட்டுப் பேருக்கு வேடம் கிடைக்க, மற்றவர்கள் கைதட்டுபவர்களாகவே பள்ளிப் படிப்பை முடித்துவிடும் நிலையை மாற்ற வேண்டுமெனில், நாடகத்தின் மூலப்பொருள் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குரலுக்கும் உடலுக்கும் கவனத்துக்குமான பயிற்சிகள் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டன. அவற்றை ஒரு பாடமாகக் கோக்கும் நூல், மாணவர்கள் தாங்களே எடுத்தாக வேண்டிய ஒரு முடிவுதான் என்பதை இப்பகுதி விளக்க முற்படுகிறது.

இக்கருத்தை வகுப்பறையில் நடைமுறையாக வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட். யார்க்‌ஷயரில் 1926-இல் பிறந்து, பதினான்கு வயதிலேயே கம்பளி ஆலையில் தறி ஓட்டப் போன அவர், பத்தொன்பதாம் வயதில் பிராட்ஃபோர்டின் நாடகப் பள்ளியில் சேர்ந்தார். 1950-இல் நியூகாசிலில் ஆசிரியர் பயிற்சிப் பணியை ஏற்று, 1986-இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே கற்பித்தார். அவருடைய வகுப்புகளைப் பற்றி பிபிசி 1971-இல் ஒளிபரப்பிய ஆவணப்படத்தின் தலைப்பு ‘காத்திருக்கும் மூன்று தறிகள்’ என்று பொருள்படும். அவர் பரவலாக்கிய உத்தி ‘ஆசிரியர் பாத்திரமேற்றல்’ எனப்படுகிறது. வகுப்புக்கு வெளியே நின்று கட்டளையிடும் இயக்குநராக இல்லாமல், ஆசிரியர் தாமே கதைக்குள் ஒரு பாத்திரமாக நுழைந்து, மாணவர்களிடம் உண்மையான உதவியையோ தீர்ப்பையோ கேட்டு நிற்பதே இந்த உத்தி. இத்தகைய வகுப்பில் மனப்பாட வசனமும் இல்லை, வேடிக்கை பார்ப்பவரும் இல்லை. அனைவரும் ஒரே நேரத்தில் கதைக்குள் இருக்கிறார்கள்.

இம்முறையில் அமைந்த பாடம் ஒன்றை முழுமையாகக் காண, இங்கிலாந்துப் பள்ளிகளில் நெடுங்காலமாக நாடகப் பாடத்துக்கு எடுத்தாளப்படும் ஈம் என்ற ஊரின் வரலாறு பெரிதும் உதவும். டார்பிஷயர் மலைப்பகுதியில் ஈயச் சுரங்கத்தையும் வேளாண்மையையும் நம்பி வாழ்ந்த அந்தச் சிற்றூருக்கு 1665-இல் லண்டனிலிருந்து துணிப் பொட்டலம் ஒன்று வந்தது. ஈரம் பட்டிருந்த துணியை அடுப்பின் முன் விரித்து உலர்த்திய தையல் உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாட்களில், செப்டம்பர் 7 அன்று, கொள்ளைநோயால் இறந்தார். துணியில் இருந்த தெள்ளுப்பூச்சிகள் நோயைக் கொண்டுவந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். குளிர்காலத்தில் தணிந்த நோய் 1666 கோடையில் மீண்டும் மூண்டபோது, குருவானவர் வில்லியம் மோம்பெசனும், அரசின் சமயச் சட்டத்துக்கு உடன்படாததால் முன்பு அதே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியும் கருத்து வேற்றுமையை ஒதுக்கிவைத்து, ஊரைவிட்டு எவரும் வெளியேற வேண்டாம் என்று மக்களை வேண்டினர். மக்கள் இணங்கினர். வழிபாடு திறந்த வெளிக்கு மாறியது; இறந்தவர்களை அவரவர் குடும்பமே வயலிலும் தோட்டத்திலும் புதைத்தது. வெளியூரார் எல்லையில் உணவை வைத்துச் செல்ல, ஊரார் எல்லைக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி அதற்குள் காசை இட்டனர். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாட்களில் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அடக்கம் செய்தார். நோய் ஓய்ந்தபோது இறந்தோர் ஏறத்தாழ 260 பேர் என்று மரபாகக் கணக்கிடப்படுகிறது.

இவ்வரலாற்றை எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுடன் இரண்டு பாடவேளைகளில் கையாளலாம். தேவைப்படும் பொருள்கள் மிகச் சில: ஒரு துணிப் பொட்டலம், ஒரு சால்வை, ஒரு கிண்ணம், சில துளி வினிகர், சில நாணயங்கள், கையளவுத் துண்டுத்தாள்கள். பாடம் பொட்டலத்திலிருந்து தொடங்குகிறது. சற்றே ஈரமான துணியைச் சணல் கயிற்றால் கட்டி மேசைமீது வைத்து, இதை அனுப்பியவர் யார், யாருக்காக வந்திருக்கலாம், எவ்வளவு தொலைவு கடந்து வந்திருக்கும் என்று மட்டும் ஆசிரியர் கேட்கிறார். நோய் என்ற சொல் இந்த நிலையில் வரக்கூடாது. திருமணத்துக்கான துணி, திருவிழாவுக்கான துணி என மாணவர்கள் தாங்களே மகிழ்ச்சியான ஊரொன்றைக் கற்பனையில் கட்டிய பிறகுதான், அந்த ஊர் எதை இழக்கப்போகிறது என்பது அவர்களுக்கு உறைக்கும்.

அடுத்து, ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் தம் பெயர், தொழில், வீட்டிலுள்ளோர், ஊருக்கு வெளியே தாம் நேசிக்கும் ஒருவர் என நான்கு செய்திகளை எழுதிக்கொள்கின்றனர். நான்காவது செய்திதான் பின்னர் வரும் முடிவுக்குக் கனம் சேர்ப்பது. பிறகு ஐவர் கொண்ட குழுக்கள் ‘உறைநிலைக் காட்சி’ ஒன்றை அமைக்கின்றன. ஒரு கணத்தை உடலால் உருவாக்கி, புகைப்படம்போல் அசையாமல் நிறுத்துவதற்கு இப்பெயர். ஆசிரியர் ஒருவரின் தோளைத் தொட்டால், அவர் தம் பாத்திரத்தின் மனத்தில் ஓடுவதை ஒரே வாக்கியத்தில் உரைக்க வேண்டும். மேடையில் பேசக் கூச்சப்படும் மாணவரும் ஒரு வாக்கியம் பேசிவிடுவார் என்பது இவ்வுத்தியின் பெரும் பயன்.

பாடத்தின் நடுநாயகம் ஊர்க்கூட்டம். சால்வையைப் போர்த்தியதும் ஆசிரியர் மோம்பெசனாக மாறுகிறார். அதை எடுத்ததும் மீண்டும் ஆசிரியராகிறார். இந்த அடையாளம் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். மோம்பெசன் ஊருக்குப் புதியவர், மக்களின் முழு நம்பிக்கையைப் பெறாதவர் என்பதால் அவரால் ஆணையிட முடியாது; கேட்கத்தான் முடியும். அந்தப் பாத்திரத்தின் வலுவின்மையே மாணவர்களின் வலிமையாகிறது. ‘உங்களை இங்கே நிறுத்திவைக்க எனக்கு அதிகாரமில்லை, நீங்கள் போனால் நோயும் உங்களோடு போகக்கூடும், என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்ற அளவில் பேசிவிட்டு ஆசிரியர் அமைதியாகக் காத்திருக்க வேண்டும். மோம்பெசன் தம் இரு குழந்தைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பிவிட்டார் என்ற வரலாற்றுச் செய்தியை ஒரு மாணவரிடம் துண்டுத்தாளில் இரகசியமாகக் கொடுத்துவைத்தால், கூட்டத்தின் நடுவே அது கேள்வியாக எழும். அதற்கு விடை சொல்லத் திணறும் ஆசிரியரைக் காணும் மாணவர்கள், வாதம் என்பது குரலை உயர்த்துவது அன்று, நியாயத்தை எடுத்துவைப்பது என்பதைத் தாமே அறிகின்றனர்.

கூட்டம் முடிந்ததும் ‘மனச்சாட்சிப் பாதை’ என்ற உத்தி தொடர்கிறது. வகுப்பு இரு வரிசைகளாகப் பிரிந்து எதிரெதிரே நிற்க, மூட்டை கட்டிக்கொண்டு வெளியேற நினைக்கும் ஒருவர் நடுவே மெல்ல நடக்கிறார். ஒரு வரிசை ‘போ’ என்பதற்கும், மற்றது ‘இரு’ என்பதற்கும் உரிய காரணங்களைத் தாழ்ந்த குரலில் ஒவ்வொருவராகச் சொல்கிறது. பாதையின் முடிவில் அவர் எடுக்கும் முடிவு எதுவாயினும், வகுப்பு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்; ஆசிரியர் விரும்பும் விடைக்கு மாணவரைத் தள்ளிச்செல்வது இம்முறையின் அடிப்படையையே சிதைத்துவிடும்.

நிறைவுக்காட்சி எல்லைக்கல். வினிகர் கலந்த நீருள்ள கிண்ணம் தரையில் வைக்கப்படுகிறது. இருவர் இருவராக மாணவர்கள் வருகின்றனர். வெளியூரார் ஒருவர் ரொட்டியை வைப்பதுபோல் வைத்துப் பின்வாங்குகிறார். அவர் விலகிய பின்பே ஊரார் நெருங்கி, நாணயத்தைக் கிண்ணத்தில் இட்டு, உணவை எடுத்துத் திரும்புகிறார். பேச்சு இல்லை, ஒருவரையொருவர் பார்ப்பது மட்டுமே உண்டு. அவ்விருவரும் தாயும் மகளுமாக இருந்தால் அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று ஆசிரியர் ஒருமுறை மட்டும் கேட்கலாம். நாணயம் கிண்ணத்தின் அடியைத் தொடும் சிறு ஓசையும் காற்றில் எழும் புளித்த மணமும் செய்வதை, பெருஞ்செலவில் எழுப்பிய காட்சியமைப்பாலும் செய்ய இயலாது.

இப்பாடத்தில் தவறாமல் பேண வேண்டிய ஒழுங்குகள் சில உண்டு. நோயின் துடிப்பையும் மரணத்தையும் நடித்துக்காட்டச் சொல்லுதல் கூடாது. அது கேலியில் முடியும், அல்லது காயப்படுத்தும். கொரோனா காலத்தில் குடும்பத்தில் ஒருவரை இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடும் என்பதால், பாத்திரம் ஏற்க விரும்பாதவருக்கு ஊர்க்கணக்கை எழுதுபவர் போன்ற, சற்று விலகி நிற்கும் பொறுப்பைத் தர வேண்டும். இறுதியில் அனைவரும் துண்டுத்தாளை மேசைமீது வைத்து, தம் சொந்தப் பெயரைச் சொல்லிப் பாத்திரத்திலிருந்து வெளியேறுவது அவசியம். அதன்பின் நிகழும் உரையாடலே கற்றலை நிலைநிறுத்துகிறது. ஈம் மக்களின் தியாகக் கதை பிற்காலத்தில் எழுதப்பட்ட நூல்களின் வழியாகவே இன்றைய வடிவத்தைப் பெற்றது; வில்லியம் வுட் எழுதிய ஊர் வரலாறு வெளிவந்தது 1842-இல்தான். எல்லையை அடைத்தது உண்மையில் எத்தனை உயிர்களைக் காத்தது, இயலாத ஏழைகளுக்குத் தங்குவதைத் தவிர வேறு வழி இருந்ததா என்ற கேள்விகளை வரலாற்றாய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். முடிவெடுப்பதன் சுமையைத் தாங்கிப் பார்த்த மாணவர்களிடம் இக்கேள்விகளை வைக்கும்போது, வரலாறும் கேள்விக்கு உட்பட்டதே என்ற உணர்வு இயல்பாக வேரூன்றுகிறது.

மதிப்பீட்டில் நடிப்புத் திறனுக்கு மதிப்பெண் இடுவது பொருந்தாது. எல்லைக்கு அப்பாலுள்ள அந்த ஒருவருக்குப் பாத்திரத்தின் பெயரால் ஒரு பக்கக் கடிதம் எழுதச் செய்து, தம் முடிவுக்கான காரணத்தையும் அதனால் பிறருக்கு நேர்வதையும் மாணவர் எவ்வளவு எண்ணிப்பார்த்துள்ளார் என்பதைக் காண்பதே தகும். ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்காத மாணவரின் கடிதத்தில், எல்லாரினும் ஆழமாகக் கேட்டவர் அவரே என்பது தெரியவருவதுண்டு. பேசத் தெரிந்த எட்டுப் பேருக்கு அப்பால் வகுப்பில் இன்னும் முப்பத்திரண்டு மனங்கள் இருக்கின்றன என்பதற்கு அந்த ஒரு பக்கமே சான்று.

(அடுத்த பகுதியில்: உறைநிலைக் காட்சியிலிருந்து உரையாடலை உருவாக்கும் முறை)