ரேண்டம் என்று பெயர் வைத்தவள்

சென்ற விடுமுறையில் என் தங்கை மகள், பைத்தான் பாடத்தின் முதல் சில அத்தியாயங்களை முடித்துவிட்ட உற்சாகத்தில், பகடை உருட்டும் நிரல் ஒன்றை எழுதி, அதைப் பொருத்தமான பெயர் என்று கருதி ‘ரேண்டம்.பை’ என்றே சேமித்து வைத்தாள். ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்வது ஒரு வரி. அதிலுள்ள ‘ரேண்ட்இன்ட்’ என்னும் ஃபங்ஷனைக் கொண்டு 1 முதல் 6 வரை ஓர் எண்ணைப் பெற்றுத் திரையில் காட்டுவது மறுவரி. ஓடவிட்டதும், ரேண்டம் மாட்யூல் அரைகுறையாகத்தான் உருவாகியிருக்கிறது, அதில் ரேண்ட்இன்ட் என்று எதுவும் இல்லை என்று எர்ரர் வந்தது.

“மாமா, புத்தகத்தில் உள்ளபடிதானே எழுதினேன்?” என்றாள்.

வரிகளில் குற்றமில்லை, பெயரில்தான் விபரீதம்.

கைடோ வான் ராஸம் 1991-ல் வெளியிட்ட பைத்தான் மொழி, மாடுலா-3 என்ற மொழியிடமிருந்து மாட்யூல் முறையைச் சுவீகரித்துக்கொண்டது. இம்போர்ட் என்றால் வேறொரு ஃபைலின் வரிகளை எடுத்து இங்கே ஒட்டிக்கொள்வது என்று பலரும் பாவிப்பது சரியன்று. ஏற்கெனவே ஏற்றப்பட்ட மாட்யூல்களின் ஜாபிதாவாகிய சிஸ்.மாட்யூல்ஸைப் பைத்தான் முதற்காரியமாகப் பார்க்கிறது. பெயர் அங்கே இருந்தால், இருப்பதையே கொடுத்துவிடுகிறது. ஆதலால் பத்து ஃபைல்கள் கேட்டாலும் ஒரு மாட்யூலின் வரிகள் ஒரே தடவைதான் ஓடும். பெயர் ஜாபிதாவில் இல்லாவிட்டால், மொழிக்குள்ளேயே கட்டப்பட்ட மாட்யூல்களில் தேடி, அங்கும் அகப்படாதபோது சிஸ்.பாத் காட்டும் ஃபோல்டர்களில் வரிசைக்கிரமமாகத் தேடுகிறது. அவ்வரிசையில் முதல் ஸ்தானம், ஓடுகின்ற ஃபைல் வசிக்கும் ஃபோல்டருக்கு. பைத்தானோடு வரும் நூலகம் அதற்குப் பின்னால். பிப் என்னும் நிறுவும் கருவியைக் கொண்டு நாம் நிறுவியவை அதற்கும் பின்னால். பெயர் அகப்பட்ட இடத்திலேயே தேடல் நின்றுவிடும்.

நேராக ஓட்டப்படும் ஃபைலுக்குப் பைத்தான் ‘மெயின்’ என்ற பெயரையே இடுவதால், ஜாபிதாவில் அதுவரை ரேண்டம் இல்லை. தேடப் புறப்பட்ட பைத்தான், முதல் ஃபோல்டரிலேயே அந்தப் பெண்ணின் ஃபைலைக் கண்டு, வெறுமையான மாட்யூல் ஒன்றைச் சிருஷ்டித்து, அதன் பெயரை ஜாபிதாவில் பதிந்துகொண்ட பிறகே அதன் வரிகளை ஓட்டத் தொடங்கியது. முதல் வரி மீண்டும் ரேண்டத்தைக் கேட்க, சற்றுமுன் பதிந்த அந்த வெற்று மாட்யூலே கைக்கு வந்தது. அதில் ரேண்ட்இன்ட் எங்கிருந்து வரும்?

ஓட்டுவதற்கு முன்பே பதிந்துகொள்வானேன் என்றால், ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் இரு மாட்யூல்கள் முடிவின்றி மாறி மாறி ஏற்றப்படாமல் தடுப்பது அந்த ஏற்பாடுதான். மிகவும் விவேகமான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். 2024-ல் வந்த 3.13-ஆம் பதிப்பு, இத்தகைய பெயர் மோதலைத் தானே கண்டுகொண்டு, ஃபைலின் பெயரை மாற்றிப் பார்க்கும்படி எர்ரரிலேயே சொல்லிவிடுகிறது. எத்தனையோ மாணவர்களின் மாலைப்பொழுதுகளை இது மிச்சப்படுத்தும். எங்கள் வீட்டுக் கணினியில் இருந்தது அதற்கு முந்திய பதிப்பு.

ஃபைலுக்குப் ‘பகடை.பை’ என்று அவளே மறுநாமகரணம் செய்து ஓடவிட்டாள். நான்கு விழுந்தது.