படிக்க ஒரு காரணம், எழுத ஓர் ஆள்
(ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ஆங்கிலப் பாடம் அமைக்கும் முறை)

தமிழகத்துக்கு வெளியே குடியேறிய நம் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் மூன்று மொழிகளில் வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவிலும் கடையிலும் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, பள்ளியில் ஆங்கிலம். ஐந்தாம் வகுப்புவரை இந்த வண்டி எப்படியோ ஓடிவிடுகிறது. ஆறாம் வகுப்பு வந்ததும் அறிவியல், வரலாறு, கணக்கு எல்லாமே ஆங்கிலத்தில் நீண்ட நீண்ட பத்திகளாக வந்து நிற்கின்றன. அங்கே தடுக்கி விழும் பிள்ளைக்கு ஆங்கில மார்க் மட்டும் குறைவதில்லை. எல்லாப் பாடமும் கைநழுவுகிறது. ஆகவே ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று ஆண்டுகளின் ஆங்கில வகுப்பை எப்படி அமைப்பது என்பது ஆசிரியர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம் அல்ல. பெற்றோருக்கும், சங்கங்களில் ஞாயிறு வகுப்பு நடத்துவோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

வழக்கமான வகுப்பு எப்படி நடக்கிறது? ஆசிரியர் பாடத்தை வாசிப்பார். கடினச் சொற்களுக்குப் பொருள் சொல்வார். கேள்விகளுக்கான விடையைப் பலகையில் எழுதுவார். பிள்ளைகள் அதை நோட்டில் இறக்கிக்கொள்வார்கள், பரீட்சைக்கு மனப்பாடம் செய்வார்கள். மார்க் வரும். ஆனால் "உன் பாட்டிக்கு இங்கிலீஷ்ல நாலு வரி எழுதுடா" என்றால், "என்னத்த எழுதறது?" என்று பேனாவைக் கடிக்கிறான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். அந்தப் பாடத்தைப் படிக்க அவனுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அந்த விடையை எழுதியபோது எதிரே ஓர் ஆளும் இருக்கவில்லை.

தென்னிந்தியாவில் நடந்த ஒரு சோதனை

இந்தச் சிக்கலுக்கு நம் பக்கத்திலேயே ஒரு விடை தேடப்பட்டது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சில பள்ளிகளில் என். எஸ். பிரபு என்ற அறிஞரின் வழிகாட்டுதலில் ஒரு திட்டம் நடந்தது. அப்போது அவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிவந்தார். 'இன்று இறந்தகாலம், நாளை எதிர்காலம்' என்று இலக்கணத்தை வரிசைப்படுத்தி நடத்துவதை அத்திட்டம் விட்டுவிட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு புதிர் அல்லது ஒரு வேலை: வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது, கால அட்டவணையைப் பார்த்துப் பயணம் திட்டமிடுவது போன்றவை. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் கருத்து. தம் அனுபவத்தை 1987-இல் நூலாகவும் வெளியிட்டார். உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்றும் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அவர் கையாண்ட வரிசை எளிமையானது. முதலில் ஒரு புதிரை வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு பேசிப் பேசி விடுவிக்கும். அடுத்து அதே மாதிரியான இன்னொரு புதிரை ஒவ்வொரு பிள்ளையும் தனியாகச் செய்யும். பாதிப் பிள்ளைகளாவது பாதி வேலையைச் சரியாக முடித்தால் அந்தப் புதிர் வகுப்புக்கு ஏற்றது. இல்லையென்றால் அடுத்த நாள் கொஞ்சம் எளிதாக்க வேண்டும். பாடம் திட்டமிடுகிறவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

நாற்பது நிமிடத்தில் ஒரு பாடம்

நமக்கு நன்கு தெரிந்த விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்: ஊருக்குப் போவது. உங்கள் நகரத்திலிருந்து சென்னை செல்லும் மூன்று ரயில்களின் நேரங்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். கீழே தாத்தா எழுதியதாக ஒரு சிறு கடிதம்: வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயிலில் அபிஷேகம், சென்னையிலிருந்து ஊருக்கு ஆறு மணி நேர பஸ் பயணம். அப்பாவுக்கு லீவு புதன்கிழமை மதியத்துக்குப் பிறகுதான். எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்?

முதல் ஐந்து நிமிடம் கேள்வியைப் புரியவைக்க. அடுத்த பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து ஒரு ரயிலைச் சோதிக்க. அடுத்த பத்து நிமிடம் மற்ற இரண்டையும் பிள்ளைகள் தாமே படித்து முடிவெடுக்க. கடைசிப் பதினைந்து நிமிடம் தாத்தாவுக்குப் பதில் எழுத: எந்த ரயிலில் வருகிறோம், ஏன் மற்றவை சரிப்படாது, ஸ்டேஷனுக்கு யார் வர வேண்டும். 'ஏன்' என்ற சொல் வந்ததும் காரணத்தை இணைக்கும் ஆங்கிலச் சொற்கள் தேவைப்படும். அந்த இடத்தில் அவற்றைச் சொல்லிக்கொடுங்கள். பசித்தவனுக்குப் போடும் சோறு மாதிரி அது உடனே ஒட்டும்.

கதையை வைத்துப் பாடம்

கதையிலும் இதே முறைதான். ரஸ்கின் பாண்டின் 'தி செர்ரி ட்ரீ' கதையில் ராகேஷ் என்ற சிறுவன் ஒரு செர்ரி விதையை நடுகிறான். முளைத்து வந்த செடியின் இலைகளை ஓர் ஆடு மேய்ந்துவிடுகிறது. அங்கே புத்தகத்தை மூடிவிடுங்கள். "செடி பிழைக்குமா? ஏன் அப்படி நினைக்கிறாய்?" இரண்டே வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். பிறகு மேலே வாசியுங்கள். புல் வெட்ட வந்த பெண்ணின் அரிவாள் செடியை இரண்டாகப் பிளக்கும்போது மறுபடியும் நிறுத்துங்கள். தாம் எழுதியது சரியா தவறா என்று தெரிந்துகொள்ளவே பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்குப் பாய்வார்கள். கதை முடிந்ததும், தான் வளர்த்த ஒரு செடி, ஒரு பூனைக்குட்டி, ஒரு தங்கச்சி பற்றி ஒரு பத்தி எழுதலாம்.

பாடப்புத்தகம் மட்டும் போதாது. ஃபிஜித் தீவின் 12 கிராமப்புறப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி, முடிவை 1983-இல் வெளியிட்டார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புகள் சிலவற்றுக்கு 250 கதைப்புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. எட்டு மாதங்களில் அந்தப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பு வழக்கத்தைப் போல இருமடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தது. அவர்களுக்கும் ஆங்கிலம் வீட்டுமொழி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். புத்தகம் தேர்ந்தெடுக்க விரல் கணக்கு ஒன்று உண்டு: ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தைப் பிறகு பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக் கதையைப் படித்தால் கேலி செய்யாதீர்கள். படிக்கட்டும்.

சிவப்பு மையும் வீட்டுத் தமிழும்

எழுதியதைத் திருத்துவதில் நிதானம் வேண்டும். பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வரும் நோட்டைப் பிள்ளை மூடிவைத்துவிடும். முதலில் எழுதிய விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள்: "பூனைக்குட்டி அப்புறம் திரும்பி வந்துச்சா?" அதன்பிறகு ஒரே ஒரு வகைத் தவறை மட்டும் எடுங்கள். தமிழில் 'ஒரு' உண்டு. ஆனால் ஆங்கிலத்தின் 'தி' போன்ற சொல் இல்லை. நம் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும்; ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வந்துவிடும். நம் பிள்ளைகளின் தவறுகளில் சில இந்த வேறுபாடுகளிலிருந்து வருபவை. இரு மொழி வாக்கியங்களையும் அருகருகே எழுதிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரியும்.

இங்கேதான் முக்கியமான செய்தி. "வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க, அப்பத்தான் வரும்" என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். கேட்டுப் பயந்து தமிழை நிறுத்திவிடாதீர்கள். பள்ளியில் படித்த ஆங்கிலக் கதையை இரவுச் சாப்பாட்டின்போது தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவது, காரணம் சொல்வது, கேட்பவருக்குப் புரியும்படி விளக்குவது ஆகிய மூன்றும் எந்த மொழியிலும் எழுத்துக்கு அடித்தளம். தமிழில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது சொற்கள்தான் குறையும். சொல்வதற்கு விஷயம் குறையாது. சொற்களைப் பள்ளி கொடுத்துவிடும்.

ஆகவே அடுத்த வாரப் பாடத்தைத் திட்டமிடும் ஆசிரியரும், பக்கத்தில் உட்காரும் பெற்றோரும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இதைப் படிக்க இந்தப் பிள்ளைக்கு என்ன காரணம்? எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள்? இரண்டுக்கும் விடை இருந்தால் பாடம் பாதி தயாராகிவிட்டது.