மழையை உணரும் அலைகள்

கனமழையில் வானலை வலுக்குன்றுவதைப் பொறியாளர்கள் நெடுங்காலம் இடையூறாகவே கருதினர். அவ்விடையூறே அளவீடாக மாறிய வகையை இங்கு விளக்குகிறோம்.

கைப்பேசிக் கோபுரங்கள் பல, தமக்குள் நுண்ணலை வழியே தரவைக் கடத்துகின்றன. 30 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். மழைத்துளியின் விட்டமோ சில மில்லிமீட்டர். அளவில் இவ்வளவு நெருங்கியிருப்பதால் துளிகள் அலையின் ஆற்றலை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை வலுக்க இழப்பும் கூடுகிறது. அனுப்பிய ஆற்றலையும் பெற்ற ஆற்றலையும் ஒப்பிட்டால், இரு கோபுரங்களுக்கு இடையே பெய்யும் மழையின் சராசரிச் செறிவைக் கணிக்கலாம். ஈரமான அலைவாங்கியும் ஆற்றலைக் குறைக்குமாதலால் அதனைக் கழித்தாக வேண்டும். இல்லையேல் கணக்கு மிகையாகும். 2006இல் இஸ்ரேலிய ஆய்வாளர் ஹாகித் மெசர் குழுவினர் இம்முறையை ‘சயன்ஸ்’ இதழில் எடுத்துரைத்தனர். 2013இல் நெதர்லாந்து முழுமைக்கும் இவ்வாறு மழைவரைபடம் வரையப்பட்டது. புதிய கருவி ஒன்றும் நடப்படவில்லை! ஒரு தெரு நனைய மறுதெரு காயும் நம் வட்டாரத்திற்கு இது மிகவும் ஏற்றது.

உணர்தலும் தொடர்பாடலும் ஒருங்கிணைவதை, ஆறாம் தலைமுறையின் ஆறு பயன்பாட்டு வகைகளுள் ஒன்றாக அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் வகுத்தது. ஆயினும் ஆற்றல் அளவீடுகள் இன்று பெரும்பாலும் நிறுவனங்களுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பல நிறுவனங்களின் கருவிகள் பொது இடைமுகத்தால் இணையும் திறந்த வலையமைப்பில், வானிலை ஆய்வாளரின் மென்பொருளும் அவற்றைப் படிக்க வழியுண்டு. சிக்கலும் அங்கேதான். மழையை உணரும் வலையமைப்பு மனிதரின் நடமாட்டத்தையும் உணரவல்லது. எனவே மழையளவைக் கேட்கும் செயலிக்கு மழையளவு மட்டுமே கிட்டுமாறு, அணுகுரிமையை இடைமுகத்திலேயே வரையறுக்க வேண்டும் என்பது நம் கருத்து.