புது செயின் சீக்கிரம் தேய்வது ஏன்?

மழைக்காலத்துக்கு முன் மோட்டார் சைக்கிள்காரர்கள் கவனிக்க வேண்டியவை

"புது செயின் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கடகடவென்று சத்தம் போடுகிறது!"

மும்பையில் எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் இப்படி அலுத்துக்கொள்ளும் ஒருவரைப் பார்க்கலாம். சிலர் செயின் செய்த கம்பெனியைத் திட்டுவார்கள். சிலர் மெக்கானிக்கைத் திட்டுவார்கள். வேறு சிலர் மழையைத் திட்டுவார்கள்.

பெரும்பாலும் குற்றம் செயினில் இல்லை. அதை மாட்டிய விதத்திலும், மாட்டிய பிறகு கவனித்த விதத்திலும்தான் இருக்கிறது.

கூரியர் பை சுமப்பவருக்கும், ஓட்டல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும் மோட்டார் சைக்கிள்தான் சோறு போடுகிறது. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போய்விடும். செம்பூரிலிருந்து கோட்டைப் பகுதி ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாவுக்கு லேட் மார்க் விழும். செலவு மட்டும் அல்ல, உயிருக்கும் ஆபத்து உண்டு. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும்போது செயின் அறுந்து பின் சக்கரத்தில் சிக்கினால், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செயின் இழுபடுவது இல்லை!

"செயின் நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம். ரப்பரைப்போல இரும்பு இழுபட்டுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல.

செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு புஷ். புஷ்ஷின் மேல் சுழலும் ஒரு ரோலர். இந்த அமைப்பை 1880-ல் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்தியவர். இன்றைக்கு ஓடும் மோட்டார் சைக்கிள் செயின்களும் அதே முறையில் செய்யப்பட்டவைதான்.

செயின் பல்சக்கரத்தில் ஏறும்போது கண்ணி மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. அப்போது பின்னும் புஷ்ஷும் உரசுகின்றன. சாதாரண 100 சி.சி. வண்டி ஒரு கிலோ மீட்டர் ஓடுவதற்குள் செயின் 200 தடவைக்கு மேல் சுற்றிவிடும். ஒரு சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்கும் நான்கு உரசல். அப்படியானால் கிலோ மீட்டருக்கு 800 உரசல்!

நடுவில் எண்ணெய் இருந்தால் பாதகம் இல்லை. எண்ணெய் காய்ந்து மண் புகுந்தால், அரத்தால் ராவுவதுபோல இரும்பு தேயும். கண்ணிக்கு 0.1 மில்லி மீட்டர் தேய்ந்தால், 100 கண்ணிக்குச் செயின் 10 மில்லி மீட்டர் நீண்டுவிடும். நீளம் கூடுவது இப்படித்தான்.

பழைய சக்கரம், புதிய செயின்

செயினோடு சேர்ந்து தேய்வது ஸ்பிராக்கெட் என்னும் பல்சக்கரம். நீண்டுபோன செயினின் கண்ணி பல்சக்கரத்தின் பள்ளத்தில் சரியாக உட்காராது. பல்லின் மேலே ஏறி உட்காரும். எல்லாப் பற்களும் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாரம் ஒன்றிரண்டு பற்களின் மேல் விழும். நாளாக ஆகப் பல் ஒரு பக்கம் சாய்ந்து, சுறா மீனின் துடுப்புபோல வளைந்து கூர்மையாகிவிடும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "சிர்ஃப் செயின் பதல் தோ" என்று மெக்கானிக்கிடம் சொல்கிறார்கள். செயின் மட்டும் மாற்றினால் பணம் மிச்சம் என்ற எண்ணம். கொக்கிபோல் வளைந்த பழைய பற்கள் புதிய செயினையும் சில மாதங்களில் தின்றுவிடும். பிறகு மறுபடியும் செயின், கூடவே சக்கரமும் வாங்க வேண்டும். மிச்சம் பிடித்த பணம் இரட்டிப்பாகப் போகும்.

செயின், முன் சக்கரம், பின் சக்கரம் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவதே லாபம். முன் சக்கரம் சிறியது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொண்டால், பின் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் முன் சக்கரம் மூன்று சுற்று வரும். ஆகவே முதலில் தேய்வது முன் சக்கரம். அது மூடிக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை!

இறுக்கினால் நல்லதா?

செயின் தொங்கினால் சத்தம் வரும். உடனே இறுக்கமாக முறுக்கச் சொல்வார்கள். இது தொங்குவதைவிடப் பெரிய கெடுதல்.

வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின் சக்கரம் மேலும் கீழும் அசைகிறது. அப்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் கூடிக் குறைகிறது. அதற்கு இடம் கொடுக்கத்தான் செயினில் தொய்வு வைக்கிறார்கள். தொய்வே இல்லாமல் இறுக்கினால், இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் விழும்போது செயின் வில்லின் நாண்போல விறைக்கும். செயின் மட்டும் அல்ல, எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்கும் கெடும்.

நடுப்பகுதியில் விரலால் தூக்கிப் பார்த்தால் செயின் 20 முதல் 30 மில்லி மீட்டர் அசைவது பல சிறிய வண்டிகளுக்குச் சரியான அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் மிக இறுக்கமோ, அந்த இடத்தில் அளவு சரியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, சக்கரம் நேராக இருக்கிறதா என்பது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் கோடுகள் வெட்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு கோடு, மறுபக்கம் வேறு கோடு என்றால் செயின் கோணலாக ஓடும். பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் கோணல் என்று அர்த்தம்.

மழையும் மணலும்

மும்பை மழை சாதாரண மழை அல்ல. 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாள் எப்போதோ வரலாம். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ரோட்டில் தேங்கும் சேற்று நீரில் வண்டி ஓட்டாதவர் யார்? அந்த நீர் எண்ணெயைக் கழுவிவிட்டு, மண்ணை விட்டுச் செல்கிறது.

பல வண்டிகளில் செயினை முழுவதும் மூடும் தகரப் பெட்டி உண்டு. அழகுக்காக இளைஞர்கள் அதைக் கழற்றி எறிகிறார்கள். அதோடு செயினின் ஆயுளும் போகிறது. பெட்டி உள்ளவர்களோ, உள்ளே ஒரு செயின் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். பெட்டியின் கீழே ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைத் திறந்து தொய்வு பார்க்கலாம்.

மணலும் உப்பு நீரும் செயினை என்ன செய்யும் என்பதைக் கடற்கரையில் வாடகைக்கு ஓட்டும் ஏ.டி.வி. என்ற நான்கு சக்கர வண்டிகளில் பார்க்கலாம். அவற்றில் செயினில் ஓடும் வகைகளுக்குப் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பிணைக்கப்பட்டிருக்கும். வளைவில் ஒரு சக்கரம் சறுக்கியே ஆக வேண்டும். அந்த உதறல் முழுவதும் செயினுக்கு. அதன் மேல் ஈர மணல்! இதனால்தான் வயல், காட்டு வேலைக்கான பெரிய வகைகள் பலவற்றில் செயினே இல்லாமல் ஷாஃப்ட் வைத்தார்கள்.

எண்ணெய் எப்போது, எப்படி?

500 கிலோ மீட்டருக்கு ஒரு தடவை என்பது பொதுக் கணக்கு. நாளைக்கு 80 கிலோ மீட்டர் ஓடும் கூரியர்காரருக்கு இது வாரம் ஒரு தடவை. 30 கிலோ மீட்டர் ஓடும் குமாஸ்தாவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மழையில் நனைந்தால் கணக்குப் பார்க்கக் கூடாது. அன்று இரவே போட வேண்டும்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். பிறகு 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கம், அதாவது பல்சக்கரத்தைத் தொடும் பக்கம், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செயின் சுற்றும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் வரும். வெளியில் வழிவதைத் துடைத்துவிட வேண்டும். அதிக எண்ணெய் மண்ணைத்தான் சேர்க்கும். இரவில் போட்டால் காலைக்குள் உள்ளே இறங்கிவிடும்.

எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் வேண்டாம். அதில் இரும்புத் துகள் உண்டு. ஓ-ரிங் போட்ட செயினாக இருந்தால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் கூடாது. ரிங் கெட்டால் உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும்.

செயின் லாக் போடும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடும்.

விரல் ஜாக்கிரதை!

எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, துணியால் செயினைத் துடைப்பவர்கள் உண்டு. துணியை இழுக்கும் செயின் விரலையும் சேர்த்து இழுக்கும். கண் இமைப்பதற்குள் விரல் துண்டாகிவிடும். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் தள்ளித்தான் துடைக்க வேண்டும். சக்கரம் சுழலும்போது கையைச் செயின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

பின்னால் உட்காரும் பெண்களின் சேலை சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அதையும் கழற்றி எறியக் கூடாது.

எப்போது மாற்ற வேண்டும்?

100, 125 சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் 428 என்ற செயின் வருகிறது. பின்னுக்குப் பின் 12.7 மில்லி மீட்டர் தூரம். செயினை விறைப்பாக வைத்து 21 பின்களை எண்ணி, முதல் பின்னுக்கும் கடைசிப் பின்னுக்கும் இடையே அளக்க வேண்டும். புது செயினில் 254 மில்லி மீட்டர் இருக்கும். 259-ஐ எட்டினால் ஆயுள் முடிந்தது.

அளக்க வசதி இல்லையா? பின் பல்சக்கரத்தின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல் பாதி வெளியே தெரியும் அளவுக்குச் செயின் விலகி வந்தால், தள்ளிப்போட வேண்டாம்.

சைக்கிளுக்கும் இதே விதிதான். தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு கிளம்பும் சைக்கிளின் செயினிலும் பின்னுக்குப் பின் 12.7 மில்லி மீட்டர்தான். அதுவும் எண்ணெய் கேட்கும், அதுவும் தேயும்.

வாரத்தில் பத்து நிமிடம், கொஞ்சம் எண்ணெய், ஒரு பழைய துணி. செயினுக்கு வேண்டியது அவ்வளவுதான். மழை தொடங்கும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடுவது நல்லது.