கும்மட்டமும் கற்றூண்களும்

சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊரின் ஜமாஅத்தார் அண்மையில் ஒரு படத்துடன் வந்தார்கள். துருக்கித் தலைநகர் அங்காராவிலுள்ள கோஜாதெப்பெ பள்ளிவாசலின் படம் அது. "ஹஜ்ரத், நம் பழைய பள்ளியை இடித்துவிட்டு இவ்விதம் கட்டினால் என்ன?" என்று வினவினார்கள்.

அப்பள்ளியின் வரலாறு அறியத்தக்கது. 1957இல் நடந்த போட்டியில் தேர்வு பெற்றது, வேதாத் தலோகாய் என்ற கட்டடக் கலைஞரின் புதுமுறை வரைபடம். மரபுக்கு ஒவ்வாதது என எதிர்ப்புக் கிளம்பவே அது கைவிடப்பட்டது. இட்ட அடித்தளமும் தகர்க்கப்பட்டது. பின்னர் வேறு இருவரின் வரைபடப்படி, 16ஆம் நூற்றாண்டு உதுமானியர் மரபில் 1967இல் பணி தொடங்கி, 1987இல் திறப்பு நிகழ்ந்தது. மினாராக்கள் நான்கு, ஒவ்வொன்றும் 88 மீட்டர். அடித்தளத்தில் அங்காடி கூட உண்டு! தலோகாய் சோர்ந்துவிடவில்லை. 1969இல் உலகப் போட்டியொன்றில் வென்றார். இஸ்லாமாபாத்தின் ஃபைஸல் பள்ளிவாசல் அவர் வரைந்ததே. அதற்குக் கும்மட்டமே இல்லை. பாலைவனக் கூடாரத்தின் வடிவம்.

உதுமானியர் கும்மட்டத்தை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. நடுக் கும்மட்டத்தின் பாரத்தைச் சுற்றியுள்ள அரைக் கும்மட்டங்கள் தாங்கிக் கொள்ள, உள்ளே தூண்கள் குறைகின்றன. ஸஃப்புகள் அறுபடாமல் நீள்கின்றன. தூண்களுக்கிடையே அணிவகுப்பதை ஸஹாபாக்கள் தவிர்த்தார்கள் என்று ஹதீஸில் வருவதை எண்ணினால் இதன் அருமை விளங்கும். நம் ஊர்களிலோ சமதளக் கான்கிரீட்டின் மேல் கும்மட்டத்தை அமர்த்துகிறோம். வீதியில் செல்வோர் காண்பர். உள்ளே தொழுபவருக்கு அது இருப்பதே தெரியாது!

நம் முன்னோர் கீழக்கரை போன்ற கடற்கரையூர்களில் இந்நாட்டுக் கருங்கல்லைக் கொண்டே தூண் நிறுத்தித் தளம் பாவினர். தூண்கள் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மதீனத்துப் பள்ளியும் அவ்வூரில் கிடைத்த பேரீச்ச மரத்தால் தூணும், அதன் ஓலையால் கூரையும் பெற்றதன்றோ?

ஆகவே அவர்களிடம், "தூண்கள் உறுதியாக இருக்கின்றனவா?" என்று கேட்டேன். "இருக்கின்றன, மழையில் தளம்தான் ஒழுகுகிறது" என்றார்கள். "அப்படியாயின் முதலில் கொத்தனாரை அழைத்து வாருங்கள், பெண்களுக்குத் தனியே ஒளுச் செய்யும் இடமும் இல்லையே, அதையும் அவரிடம் கேட்போம்" என்றேன். படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். கொத்தனார் இன்னும் வரவில்லை.